மூன்று நிமிடத் தண்ணீர்

மார்ச் 4
குற்றச்சாட்டுக் குறிப்பாணையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். சென்ற மாதம் தையல்கடை மாடியில் தீப்பிடித்தபோது நான் பம்பைச் சரிவர இயக்கவில்லையாம். மூன்றே நிமிடத்தில் தண்ணீர் நின்றுபோய், படுக்கையில் கிடந்த மூதாட்டி இறந்துவிட்டார். புகார் கொடுத்தவர் அவருடைய மகள், அந்தக் கடையின் தையல்காரி. பதில் எழுதப் பதினைந்து நாள். பத்தொன்பது வருடமாகத் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறேன், பம்பை இயக்குவதும் ஓட்டுநர்தான். இன்று மதியச் சாப்பாட்டையே மறந்துபோய் இரண்டு தடவை சாப்பிட்டேனாம், மனைவி சொன்னாள்.

மார்ச் 6
சங்கச் செயலாளர் வந்தார். நிலையத்தில் அவருக்குச் சட்டப்புலி என்று பெயர். மனிதருக்கு அதில் பெருமைதான். என் உரிமைகளை விரல்விட்டு எண்ணினார். புகாரின் நகல் கேட்கலாம். விசாரணையில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு எதிராக நானே பேச வேண்டியதில்லை. புகார் கொடுத்தவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். எனக்கு இவ்வளவு உரிமை இருப்பது இத்தனை வருடம் தெரியாது.

பிறகு, தீப்பிடித்த அன்று வண்டியின் தண்ணீர் அளவை எழுதிய பதிவேட்டில் என் கையெழுத்தைத் தட்டிக் காட்டினார்.

"தொட்டி முழுசுன்னு எழுதியிருக்கே, இது போதும்யா. முழுத் தொட்டி எட்டு நிமிஷம் வரும். அந்தம்மா பதட்டத்துல மூணுங்குது."

தலையாட்டினேன்.

மார்ச் 7
இங்கேயாவது எழுத வேண்டும். நான் தொட்டியைப் பார்க்கவில்லை.

அளவு காட்டும் மானி பழுதாகி மாதக்கணக்காகிறது. வண்டி மேல் ஏறி மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். யாரும் ஏறுவதில்லை. இரவுப் பணி முடிந்த ஓட்டுநர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே "முழுசு" என்பார். அடுத்து வருகிறவர் அப்படியே எழுதிவிடுவார். ஏறிப் பார்த்தால் ஆளை நம்பவில்லை என்று ஆகிவிடும், ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நானும் எத்தனை முறை பார்க்காமலே "முழுசு" சொல்லியிருக்கிறேன். அவரை எப்படிக் குறை சொல்றது? எழுதினது நான்தானே.

மூணு நிமிஷம்தான் வந்துச்சு. அந்தம்மா சொல்றது சரி.

மார்ச் 8
நன்றாகத் தூங்கினேன். அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 2
விசாரணை. தையல்காரி எனக்கு நேர் எதிரே. சட்டப்புலி மரியாதையாகத்தான் கேட்டார். கையில் கடிகாரம் கட்டியிருந்தாரா? இல்லை. நிமிடத்தை எண்ணினாரா? இல்லை. அம்மா மாடியில் இருக்கும்போது நேரம் சரியாகத் தெரிந்திருக்குமா? இப்படியே அரை மணி நேரம். கடைசியில் தையல்காரி என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியலங்க. நீங்களே சொல்லுங்க, தண்ணி எவ்வளவு நேரம் வந்துச்சு?"

நான் பதில் சொல்லக் கட்டாயமில்லை என்று விசாரணை அதிகாரி குறுக்கிட்டார். நான் சொல்லவில்லை. மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 23
குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. எல்லோரும் கைகுலுக்கினார்கள். அன்று "முழுசு" சொன்ன ஓட்டுநர் தோளைத் தட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை. மனைவி நிம்மதியில் அழுதாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஏப்ரல் 30
தையல்காரியிடமிருந்து கடிதம், நிலைய முகவரிக்கு.

"நேரத்தைத் தப்பாச் சொல்லி உங்க வேலைக்கு உலை வைக்கப் பார்த்துட்டேன். அம்மா போன துக்கத்துல செஞ்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

என்கிட்ட மன்னிப்புக் கேக்குறாங்க. என்கிட்ட.

மே 2
மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகுமா என்றாள். போகலாம் என்றேன். எழுந்துபோய்ப் பாத்திரமெல்லாம் கழுவி முடித்துவிட்டு ஈரக் கையோடு வந்தாள்.

"மொதல்ல அந்தம்மாவுக்கு எழுதுங்க. ஆபீசுக்கு அப்புறம்."

மே 3
எழுதினேன். நீங்கள் சொன்ன மூன்று நிமிடம் சரி, நான் தொட்டியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று. நகல் விசாரணை அதிகாரிக்கு. சட்டப்புலி தலையில் அடித்துக்கொண்டார்.

மே 11
நேற்று பணியிடை நீக்க உத்தரவு வந்தது. இன்று காலை எழுந்து, பழக்கத்தில் சீருடையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள், கூப்பிடவில்லை. திரும்பி வந்து பொத்தானைக் கழற்றும்போது அழுகை வந்தது. மாடியில் கிடந்த அந்தப் பாட்டியை நினைத்து அழுதேன், மூன்று மாதம் கழித்து.