2316-ஆம் வழக்கைத் தனியாகவே விசாரிக்கக் கோரி

அனுப்புநர்:
டெல்ஃபினா சரகோசா,
முன்னாள் மளிகை விநியோக ஓட்டுநர்,
ஃபிரெஸ்னோ, கலிஃபோர்னியா.

பெறுநர்:
வழக்கு நிர்வாக அலுவலர்,
தனியார் நடுவர் மையம்,
சான் பிரான்சிஸ்கோ.

பொருள்: பிப்ரவரி 20-இல் குறிக்கப்பட்ட என் விசாரணையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பது குறித்து.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான்கு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் செயலி வழியாக வீடு வீடாக மளிகைப் பை கொண்டுசேர்த்தேன். சென்ற மே மாதம் ஒரு வாடிக்கையாளர் பை வரவில்லை என்றார். அன்றே "திருட்டு" என்று ஒற்றைச் சொல் போட்டு என் கணக்கை முடக்கினார்கள். யாரிடம் முறையிடுவது? பதில் சொன்னதெல்லாம் இயந்திரம்தான்.

2. வாசலில் பையை வைத்ததும் படம் எடுப்பது எங்கள் வேலை. பழைய படம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, எங்கள் ஊர் ஓட்டுநர்கள் ஷூ நுனியும் தெரியும்படி எடுப்போம். அன்றைய படத்தில் பை இருக்கிறது, கதவு எண் இருக்கிறது, அதற்கு முந்தின நாள்தான் வாங்கிய என் சிவப்பு ஷூவும் இருக்கிறது. அதை இன்றுவரை ஒரு மனிதரும் பார்க்கவில்லை.

3. நீதிமன்றத்தில் கூட்டாக வழக்குப் போடக் கூடாது, ஒவ்வொருவரும் தனித்தனியாக நடுவரிடம் வரவேண்டும் என்பது நிறுவனமே எழுதிய ஒப்பந்தம். அப்படியே வந்தோம், மூவாயிரம் பேர். இப்போது, பத்து வழக்கை மட்டும் மாதிரிக்கு விசாரியுங்கள், மற்றவர்கள் காத்திருக்கட்டும் என்று அவர்களே கேட்கிறார்கள். உடன் வேலை செய்த வெண்டெல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள்: "தனியா வான்னாங்க, தனியா வந்தோம். இப்ப என்னத்துக்கு மூக்கால அழறாங்க?"

4. எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன், பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பழைய வேலை திரும்ப வேண்டாம். தங்கள் கடிதத்தில் தேதியும் நடுவரின் பெயரும் பார்த்த அன்று, கேட்க ஒரு ஆள் கிடைத்தார் என்று மனம் நிறைந்துபோனது. அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

5. அந்தப் பத்துப் பேருக்கும் நியாயம் கிடைக்கட்டும். ஆனால் அவர்களில் யாரும் நான் அன்று பை வைத்த வாசற்படியில் நின்றவர்கள் இல்லை. என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஒற்றைச் சொல்லை நீக்க, எனக்கு இருபது நிமிடம் போதும்.

ஆகவே, குறித்த நாளிலேயே என்னை அழைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நடுவர் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, அதே சிவப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு வருவேன்.

இடம்: ஃபிரெஸ்னோ
நாள்: ஜனவரி 29

நம்பிக்கையுடன்,
(ஒப்பம்) டெல்ஃபினா சரகோசா