ஓட்டாத ரோட்டுக்குப் பச்சை டிக்

நவம்பர் 6, புதன்

இன்றும் டோக்கன் கொடுக்கிற வேலைக்கு நடுவே கடற்கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் ஸ்கேனுக்கு வந்தவர்களின் பட்டியல், இன்னொரு பக்கம் கர்நாடகக் கரையோரம் குந்தாப்பூரிலிருந்து கோகர்ணம் வரை வானத்திலிருந்து எடுத்த படம். ஹைவேயைத் தொடாமல் சைக்கிள் போக ஒரு வழி வேண்டும். லாரிக்குப் பக்கத்தில் ஓட்டுவதற்கு அவ்வளவு தூரம் போவானேன், பெங்களூரில் எங்கள் அல்சூரே போதும்.

தென்னந்தோப்புக்குள் ஒரு ரோடு, இறால் குட்டைகளுக்கு நடுவே ஒரு ரோடு, மீன் காயப்போடுகிற ஊர் ஒன்றின் பின்பக்கமாக ஒரு ரோடு. எல்லாவற்றையும் கோர்த்துவிட்டேன். கும்டா தாண்டியதும் கடல் தண்ணீர் உள்ளே ஏறி வருகிற உப்பங்கழி ஒன்று குறுக்கே வந்து நின்றது. சுற்றிப் போனால் பத்தொன்பது கிலோமீட்டர், அத்தனையும் ஹைவே. படத்தைப் பெரிதாக்கினால் கழியின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு நேர்கோடு. பாலம்தான். வேறென்ன இருக்கும்?

மேஜைக்கு அடியில் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கடலைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது.

நவம்பர் 10, ஞாயிறு

பொய் சொல்லிவிட்டேன்.

காலையில் ஓட்டிவிட்டு வந்து ஏரிக்கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் சைக்கிள் குழுவில் பன்னிரண்டு பேர், முக்கால்வாசி ஐ.டி. ஆட்கள். ஸ்கேன் சென்டர்காரி நான் ஒருத்தி, பஸ் கண்டக்டர் வனஜா அக்கா ஒருத்தர். அங்கே எனக்கென்று இருக்கிற ஒரே மரியாதை, ரூட் போடுவது. போட்டவர் முதலில் தானே ஓட்டிப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் குரூப்பில் அந்த ரூட்டுக்குப் பக்கத்தில் பச்சை டிக் வைக்கலாம். டிக் இல்லாத ரூட்டில் யாரும் போகமாட்டார்கள். கேப்டன் ரகுராம் போட்ட சட்டம் அது.

"மித்ரா, டிசம்பர் இருபத்தொண்ணு கோகர்ணம் ட்ரிப். இன்னும் டிக் வரல. லீவ் கஷ்டம்னா சொல்லுங்க, ரித்விக் போட்டுடுவான்" என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். ரித்விக் பக்கத்திலேயே நின்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"போன வாரமே போய் ஓட்டிட்டு வந்துட்டேன்" என்றேன். அங்கேயே போனை எடுத்து டிக்கும் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து என் புருஷன் சரவணனிடம் சொன்னேன். "போன ஞாயித்துக்கிழமை நீ ஒக்கலிபுரத்துல எங்கம்மா வீட்ல பிரியாணி துன்னுட்டு இருந்த" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 11, திங்கள்

ட்ரிப்புக்கு முன்னால் ஒரு தடவை போய் ஓட்டிவிட்டால் பொய் உண்மையாகிவிடும். அவ்வளவுதானே?

நவம்பர் 19, செவ்வாய்

லீவ் கேட்டேன். சென்டர் மேனேஜர் மௌரீன் மேடம் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். கூட வேலை பார்க்கிற வீணாவுக்குப் பிரசவ லீவ், கவுன்டரில் நான் மட்டும்தான், டிசம்பர் இருபது வரைக்கும் சனி ஞாயிறு உட்பட யாருக்கும் லீவ் கிடையாதாம். ட்ரிப்புக்கு விடுவதே பெரிய விஷயமாம்.

ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தேன். எழுந்து சமையற்கட்டில் நின்றேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி படுத்தேன். எதற்கு இவ்வளவு பதட்டம்? ரோடு ரோடாகத்தானே இருக்கும்.

நவம்பர் 28, வியாழன்

மத்தியானம் வனஜா அக்கா போன். நாற்பத்தொன்பது வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டவர், இப்போது ஐம்பத்திரண்டு. எப்போதும் கடைசியில் வருவார், ஆனால் வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆஃபாம். சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் சைக்கிளை டிக்கியில் போட்டுக்கொண்டு ஹொன்னாவர் போய், அங்கிருந்து கோகர்ணம் வரை என் ரூட்டில் ஓட்டிப் பார்க்கப் போகிறாராம்.

"ட்ரிப்ல உங்களையெல்லாம் காக்க வெக்கக் கூடாது பாரு, ஒரு தடவ பழகிக்கிறேன்" என்றார்.

"தனியாவா அக்கா?"

"நீ தனியாத்தானே போன? எனக்கு இன்னா? கழிகிட்ட பாலம் இருக்குது இல்ல?"

"இருக்கு."

இப்படித்தான் சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கலை. போனை வைத்த பிறகு ஒரு மணி நேரம் திரும்பக் கூப்பிடலாமா வேண்டாமா என்று அதையே கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாருக்கோ டோக்கன் மாற்றிக் கொடுத்து அவர் திட்டிவிட்டுப் போனார். கூப்பிடவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையிலிருந்து அக்காவின் போனுக்கு அடிக்கிறேன். மணி போகிறது, எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு எடுத்தது வேறு யாரோ. கன்னடத்தில் பேசினார். கும்டா ஆஸ்பத்திரியாம். தண்ணீரில் விழுந்துவிட்டாராம், கை உடைந்திருக்கிறதாம், உயிருக்கு ஒன்றுமில்லையாம்.

நான் செஞ்சதுதான். நான்தான் செஞ்சேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

வேலை முடிந்து நீலசந்திராவில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. ஞாயிற்றுக்கிழமை அமாவாசை, தண்ணீர் ரொம்ப ஏறுகிற நாள்; மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கழிக்குப் போயிருக்கிறார். பாலத்தைக் காணோம். முழங்கால் தண்ணீருக்கு அடியில் கல் வரிசையாகத் தெரிந்ததாம். ஏதோ கொஞ்ச தூரம் ரோட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறது போலிருக்கிறது என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கியிருக்கிறார். பாதி வழியில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது, பாசி வழுக்கிவிட்டது. சிப்பி பொறுக்க வந்த இரண்டு பேர் படகில் வந்து தூக்கினார்களாம்.

"அது ரோடே இல்லியாம் மித்ரா. வயலுக்கு உப்புத் தண்ணி ஏறாம கட்டி வெச்ச கல்லு வரப்பாம். தண்ணி எறங்கினா வெளிய தெரியுமாம், ஏறினா முங்கிடுமாம்."

நான் பார்த்த படம் தண்ணீர் இறங்கிய நேரத்தில் எடுத்தது. அவ்வளவுதான் விஷயம். ஏதோ ஒரு நாள் மேலே பறந்த சாட்டிலைட் எடுத்த படத்தை நம்பி நான் ஒரு மனுஷியைக் கடலுக்குள் இறக்கிவிட்டேன். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அக்கா சொன்னார்:

"நீ ஓட்டின ரோடு தண்ணிக்குள்ள இருக்குமா? பாலம் வேற எங்கயோ இருந்திருக்கும், நான்தான் தப்பா திரும்பிட்டேன். இருவத்தியோரு வருசம் பஸ்ல நிக்கிறேன், ஒரு ஸ்டாப்ப மாத்திச் சொன்னதில்ல. வயசாயிடுச்சு போல."

எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார், இடது கையால். குடித்துவிட்டு வந்தேன். சொல்லவில்லை. குடிச்சிட்டு வந்தேனே. எப்படிக் குடிச்சேன்?

டிசம்பர் 4, புதன்

சரவணன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் நன்றாக இருக்கும்.

டிசம்பர் 7, சனி

வனஜா அக்கா குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டார். போகும்போது ஒரு வாய்ஸ் மெசேஜ். "எனக்கு ரூட்டு பாத்துப் போகத் தெரியல, நாளைக்கு என்னால வேற யாரும் மாட்டிக்கக் கூடாது. சைக்கிளை யாராச்சும் வாங்கிக்கிறீங்கன்னா சொல்லுங்க." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கீழே ஒன்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கடைசி வரைக்கும் தெரியப்போவதில்லை. அக்கா தன்னைத்தானே மக்கு என்று நினைத்துக்கொண்டு மிச்ச வருஷத்தை ஓட்டிவிடுவார், நான் நல்ல பெயரோடு இருப்பேன். இதை எழுதும்போதே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

போய்ச் சொல்லிவிட்டேன். வாசலிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல். நான் போகவில்லை, ஓட்டவில்லை, படத்தைப் பார்த்துப் போட்டேன், டிக் பொய், நீங்கள் எங்கேயும் தப்பாகத் திரும்பவில்லை.

 அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்.

"வியாழக்கிழமை நான் போன் பண்ணப்போ உனக்குத் தெரியும் இல்ல, நீ போகலன்னு?"

"தெரியும் அக்கா."

"சரி. கெளம்பு."

திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பஸ் ஏறத் தோன்றாமல் அல்சூர் வரைக்கும் நடந்தே வந்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

குரூப்பில் எழுதினேன். வனஜா அக்கா போனது நான் போட்ட வழியேதான், தவறு முழுக்க என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினேன். டிக்கை எடுத்துவிட்டேன். ரகுராம் தனியாகக் கூப்பிட்டார். "பன்னெண்டு பேரை அனுப்பியிருப்பேன் மித்ரா" என்றார்.  இனி ரூட் ரித்விக்.

டிசம்பர் 21, சனி

அவர்கள் ட்ரிப்புக்குப் போய்விட்டார்கள், நானில்லாமல், ஹைவே வழியாக. ஏரியை ஏழு சுற்றுச் சுற்றினேன். எட்டாவது சுற்றுக்குப் போகாமல் நிறுத்தி வீட்டுக்கு வரவே பெரும்பாடாகிவிட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

அக்காவின் கட்டைப் பிரித்தாகிவிட்டதாம். ரகுராம் சொன்னார். அக்கா என் போனை எடுப்பதில்லை.

பிப்ரவரி 12, புதன்

அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று தெரிந்ததும் இன்று அவர் பஸ் எது என்று விசாரித்து வேண்டுமென்றே ஏறினேன். கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து வந்தார். வலது கை இன்னும் முழுசாக மடங்கவில்லை, டிக்கெட் மெஷினை இடது கையில் வைத்திருந்தார்.

"எங்க போறீங்க?"

போறீங்க. மூன்று வருஷமாக என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டார்.

"சிவாஜிநகர்" என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் சிவாஜிநகரில் இறங்கி, எதற்கு இறங்கினேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

அக்கா போன் செய்தார்.

"மார்ச் ஒம்பது எனக்கு ஆஃப். அந்த ரூட்ட நீ ஓட்டணும். நான் கூட வந்து பாக்கணும்." வைத்துவிட்டார். சைக்கிளை விற்கவில்லை என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு. கோகர்ணம்

ஹொன்னாவரில் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். நான் முன்னால், அக்கா பின்னால். தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று மணி போட்ட அட்டவணை ஒன்றைப் பிரின்ட் எடுத்துப் போயிருந்தேன். கழிக்கு வந்ததும் நீட்டினேன். அக்கா அதை வாங்கவில்லை. சைக்கிளை ஒரு தென்னை மரத்தில் சாய்த்துவிட்டு, வலை உதறிக்கொண்டிருந்தவரிடம் போய்க் கன்னடத்தில் கேட்டார். திரும்பி வரும் வழியில் இன்னொரு பெண்ணிடமும் கேட்டார். இரண்டு மணி நேரத்துக்குத் தண்ணீர் வராதாம், தள்ளிக்கொண்டு போகலாமாம். என் அட்டவணையிலும் அதேதான் இருந்தது. நான் சொல்லவில்லை.

"நீ மொதல்ல போ" என்றார்.

போனேன். ஈரக் கல், இரண்டு பக்கமும் சேறு, நண்டுகள். நடுவில் ஓரிடத்தில் பாசி வழித்த மாதிரி நீளமாக ஒரு தடம் இருந்தது. அக்கா விழுந்த இடம் அதுவாக இருக்க முடியாது, மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் கால் நின்றுவிட்டது. பின்னாலிருந்து "போ, போ" என்று சத்தம் வந்தது. அக்கரையில் ஏறி நின்று அழுதேன். அக்கா பார்த்தார். பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார், பிறகு என்னிடம் நீட்டினார்.

அரை கிலோமீட்டரில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. "இடது பக்கம் அக்கா" என்றேன். அவர் இறங்கிப் பெட்டிக்கடையில் கேட்கப் போனார். இடது பக்கம்தானாம். அதற்கடுத்த பிரிவிலும் இறங்கினார், அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு தடவையும் நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அவர் கேட்டுவிட்டு வரும்வரை நின்றேன். மதியம் தாண்டித்தான் கோகர்ணம் வந்து சேர்ந்தோம்.