இரவல் கை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நடக்கிறேன் அக்கா! நான் ஓட்டிய பேருந்து கவிழ்ந்ததில் மூளையின் இயக்கப் பகுதி சிதைந்து, மரக்கட்டையாகக் கிடந்தவள் நான். உன் மூளையிலிருந்து படியெடுத்த அசைவுகளை மின்சில்லில் பதித்து என் தலைக்குள் வைத்தார்கள். இன்று மாடிப்படி ஏறிவிட்டேன்.

ஒரே தொல்லை, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நீ சலவைக்கூடத்தில் மடிப்பதுபோல் கண்டதையெல்லாம் மடிக்கிறது. டாக்டரின் மேலங்கி நுனியையும் பிடித்து மடித்தேன். "இன்னும் நான் கழட்டவே இல்லையேம்மா" என்றார்.

உன் வாலு

மார்ச் 15

செல்ல வாலுக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சின்ன வயதில் உனக்குச் சோறு ஊட்டி, பொத்தான் மாட்டிவிட்டவள் நான். இப்போதும் என் கைதான் உனக்கு உதவுகிறது என்று நினைத்தால் பெருமையாக இருக்கிறது. பள்ளிக்குக் கிளம்பும் உன் பாப்பாவுக்கு இனி நீயே தலைவாரிவிடலாம்.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

வாரிவிட்டேன். "பெரியம்மா வாரின மாதிரியே இருக்கும்மா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ வாரினா வலிக்குமே, அது எங்க போச்சு?" என்றாள்.

அன்றிலிருந்து ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நேற்று பணிமனையில் வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். என்ஜின் உறுமுகிறது, வண்டியே ஓட்டத் தெரியாத உன் கை, ஸ்டீயரிங்கை நீவிக்கொண்டே இருக்கிறது. "இறங்கிடும்மா" என்றார் மேலாளர்.

பதிவை அழிக்கச் சொல்லப் போகிறேன். வெற்றுச் சில்லோடு நானாகப் பழகலாமாம். பழக்கம் வராமலும் போகலாமாம்.

வாலு

ஏப்ரல் 9

அடியே,

பைத்தியமா உனக்கு? மறுபடி படுக்கையில் விழவா ஆசை? ஓட்டுநர் வேலை போனால் போகட்டும், இங்கே வா, என் பக்கத்து மேசை காலிதான். என் கையில் என்ன குறை கண்டாய்? நான் வரும்வரை எதற்கும் சம்மதிக்காதே. உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியாதா?

அக்கா

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நான் சொல்லச் சொல்லப் பாப்பா எழுதுகிறாள். உன் கடிதம் வந்த அன்றே சம்மதித்துவிட்டேன். திட்டிக்கொள்.

அழித்தபின் நாட்கணக்கில் எதுவுமே அசையவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பயத்தில், உன்னைக் கூப்பிட்டு உன் அசைவுகளையே திரும்பக் கேட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. இன்று காலை இடது கட்டைவிரல் புழுப்போல நெளிந்தது. பாப்பா போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்துவிட்டார்.

உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, வா. ஆனால் ஊட்டிவிடக் கூடாது, போர்வையை இழுத்துவிடக் கூடாது. நான் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா பக்கத்தில் உட்கார வேண்டும்.

முடியுமா உன்னால்?

வாலு