கொப்பி அடுக்கும், அக்காவின் வேலையும்

ஜூன் 9, திங்கள்

இன்று வகுப்பில் தமிழ் டீச்சர், "உங்க அக்கா கெம்பஸ் முடிச்சிட்டாளாமே, இனி என்ன செய்யப் போறா?" என்று கேட்டார். நான் எழுந்து நின்று, "ஆஸ்பத்திரிகளுக்கு ஆலோசனை சொல்ற கம்பெனி ஒண்ணுல வேலைக்குக் கேட்டிருக்கா டீச்சர்" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்கே ஆலோசனையா? டாக்டருக்கா படிச்சா?"

"இல்ல டீச்சர். விலங்கியல்."

பின் வரிசை வாங்கில் யாரோ மாடு போலக் கத்தினார்கள். அடையாளம் கண்டுகொண்டேன். இங்கே எழுதவில்லை.

வீட்டில் சக்தி அக்காவிடமே கேட்டேன். "மனுசருக்கு நோய் வந்தா டாக்டர். ஆஸ்பத்திரிக்கே நோய் வந்தா நாங்க" என்றாள். எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வந்த நோய அங்க இருக்கிறவங்க பாத்துக்குவாங்க. நீ நியமனத்துக்குப் போடு." அப்பா தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் மெஷின் பார்ப்பவர். ஆசிரியர் நியமன விண்ணப்பத்தை அக்காவுக்காக அவரே முத்து முத்தாக நிரப்பி வைத்திருக்கிறார். கையெழுத்து இடம் மட்டும் காலி. கடைசித் தேதி ஜூலை 7.

ஜூன் 11, புதன்

கம்பெனியிலிருந்து பதில்! 25ஆம் தேதி வீடியோவில் நேர்முகம். அதற்கு முன் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். 'உங்கள் ஊரில் நோயாளிகள் காத்திருக்கும் ஓர் இடத்தைப் பாருங்கள். ஏன் காத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். செலவில்லாமல் ஒன்றை மாற்றிப் பாருங்கள். என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.'

அக்கா உடனே வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கிவிட்டாள். நம்ம தோட்டத்து டிஸ்பென்சரி இருக்கிறதே என்றேன்.

"அதுல என்னடி இருக்கு? ஒரு ரூம், ஒரு பெஞ்சு."

"காத்திருக்கிறாங்களே."

வாசித்துக்கொண்டிருந்ததை மூடி வைத்தாள். பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். நான் இன்றிலிருந்து உதவி ஆய்வாளர்.

ஜூன் 14, சனி

சனிக்கிழமை பிரஷர் கிளினிக். காலை ஆறு மணிக்கே மதிலோரம் கொப்பியும் பேனாவுமாக நின்றேன். கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

6.10 - அங்கம்மா ஆச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். தன் கிளினிக் கொப்பியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

6.40 - பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆனால் யாரும் கொப்பியை வைக்கவில்லை! மதிலுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். "நீ என்னடி இங்க?" என்றார். ஆய்வு என்றேன். "அப்ப மறைஞ்சு நில்லு" என்றார்.

7.30 - டாக்டரய்யாவின் மோட்டார் சைக்கிள் சத்தம். (ஜெயரூபன் ஐயா படித்த டாக்டர் இல்லை, தோட்ட வைத்திய உதவியாளர். ஆனால் டாக்டரய்யா என்று கூப்பிடாவிட்டால் திரும்பமாட்டார்.) சத்தம் கேட்டதும் இருபத்தாறு பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள். ஏற்றத்தில்! பிரஷர்க்காரர்கள்! பெரியாயி அத்தையின் ஒரு செருப்பு தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. அவர் நிற்கவில்லை. எல்லோரும் கொப்பியை அடுக்கின் மேல் வைக்க முட்டிமோதினார்கள். அம்மா கடைசி நொடியில் தன்னுடையதை உச்சியில் வைத்துவிட்டு, மைலோட்டம் வென்றவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

டாக்டரய்யா உள்ளே வந்தார், உச்சியில் இருந்த கொப்பியை எடுத்தார். அம்மா பெயரைக் கூப்பிட்டார். 7.45க்கு அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போயாயிற்று. முழுப்பேர் கிடைக்கும். நேரம் பிந்திப் போனால் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான்.

முதலில் வந்த அங்கம்மா ஆச்சியைக் கூப்பிட்டது 10.50க்கு. எல்லோருக்கும் கடைசியாக.

ஐயாவிடமே கேட்டேன்: ஏன் மேலிருந்து எடுக்கிறீர்கள்? அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேல இருக்கிறதத்தானே பாப்பா எடுக்க முடியும்?"

பதினொரு வருடமாக இப்படித்தானாம்.

ஜூன் 15, ஞாயிறு

அக்காவிடம் என் அட்டவணையைக் காட்டினேன். யாரை எத்தனையாவதாகக் கூப்பிட்டார்கள், என்ன பிரஷர் (வெளியே வந்ததும் எல்லோரும் சத்தமாகச் சொல்லிக்கொள்வார்கள்). முதல் நாலு பேருக்கும் நூற்றறுபதுக்கு மேல். கடைசிப் பத்துப் பேருக்கு நூற்றுமுப்பது, நூற்றிருபத்தைந்து.

அக்கா கட்டிலை விட்டுத் துள்ளி எழுந்தாள். "ஓடி வந்த உடனே அளந்தா ஏறித்தான் இருக்கும்! அஞ்சு நிமிசமாச்சும் உக்காரணும்! தவளை அறுத்த மூணு வருசம் வீண் போகலடி!"

நானும் துள்ளினேன். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். அம்மா எப்போதும் முதல் ஆள். போன மாதம் அம்மாவுக்கு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மலையில் கொழுந்து எடுக்கும்போது தலை சுற்றுகிறது என்கிறார்.

அக்கா அப்போதே ஐயாவின் குவாட்டர்ஸுக்குப் போய்விட்டாள். பொல்லாதவர் என்று நினைத்திருந்தேன். அட்டவணையை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "நாலு பேருக்கு மாத்திரையக் கூட்டியிருக்கேனே" என்றார் மெதுவாக. நாளைக்கே நான்கு பேரையும் உட்கார வைத்து அளந்து, கொப்பியோடு பதுளைக்கு டாக்டரிடம் அனுப்பப் போகிறாராம்.

ஜூன் 21, சனி

நாசம்.

திட்டம் மிக எளிமையானது. எல்லோரும் கொப்பி வைத்த பிறகு அடுக்கை அப்படியே கவிழ்த்துவிடுவது. முதலில் வந்தவர் முதலில். செலவு இல்லை. அக்கா கவிழ்த்தாள்.

ஐயா, "அங்கம்மா" என்று கூப்பிட்டார். ஆச்சிக்கு நம்ப முடியவில்லை. "நானா? இப்பவேவா?" என்று பெஞ்சை விட்டு எழும்பவே மாட்டேன் என்றார்.

ஓடி வந்தவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது. பெரியாயி அத்தை போட்ட சத்தம் ஃபெக்டரி வரை கேட்டிருக்கும். "மேல வச்சவ நானு! ஒரு செருப்பப் பறிகொடுத்து வச்சவ! எவ அதக் கவுத்தது? படிச்ச புள்ளன்னா எங்க கொப்பியில கைவைக்கலாமா?" ஒன்பது பேருக்கு அரைப்பேர். அதில் அம்மாவும் ஒருவர். அம்மா எங்களைத் தெரியாதவர் மாதிரி நின்றார்.

பிரஷர் எல்லோருக்கும் வானத்தில். "இன்னைக்கு அளந்தது ஒண்ணையும் எழுத மாட்டேன்" என்று ஐயா மெஷினை மூடிவிட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

பைப்படியில் யாரும் எங்களோடு பேசவில்லை. அப்பா மட்டும் சந்தோஷமாக இருக்கிறார். விண்ணப்பத்தை எடுத்துத் தூசு தட்டினார்.

ஜூன் 25, புதன்

ஒழுங்காக எழுதுகிறேன்.

எங்கள் லயத்து வீட்டில் சிக்னல் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான் நன்றாக வரும். நேர்முகம் மூன்று மணிக்கு, நிறுவை நாலரைக்கு. இடைஞ்சல் இல்லை என்றுதான் போனோம். ஆனால் கொழும்பிலிருந்து நாலேகாலுக்குத்தான் அக்காவைக் கூப்பிட்டார்கள். காத்திருப்பதைப் பற்றி ஆலோசனை சொல்லும் கம்பெனி!

போனை நான் பிடித்துக்கொண்டேன். திரையில் ஸிஹாமா என்று ஒரு மேடம். அக்கா ஆங்கிலத்தில் அழகாகத் தொடங்கினாள். "ரிசல்ட் என்ன?" என்று மேடம் கேட்டார். நான் மனதுக்குள், சொல்லாதே, சொல்லாதே, பிரஷர் விஷயத்தை மட்டும் சொல் என்று வேண்டினேன். அக்கா சொன்னாள்: "தோற்றுப்போச்சு மேடம். ஒன்பது பேருக்கு என்னால் அரைநாள் சம்பளம் போனது."

அந்த நேரம் பார்த்துக் கொழுந்து மூட்டைகளோடு எல்லோரும் வந்துவிட்டார்கள். பெரியாயி அத்தை நேரே போனுக்குள் முகத்தை விட்டார். "யாரும்மா நீங்க? இந்தப் புள்ள செஞ்சது தெரியுமா?"

மேடம் தமிழில், "சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" என்றார்! தமிழ் தெரிந்தவராம். அத்தை விடுவாரா? செருப்பிலிருந்து தொடங்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம், "அப்ப எப்படிச் செஞ்சிருக்கணும்?" என்றார்.

"முன்னாடியே சொல்லிட்டுச் செய்யணும்மா. நாங்க என்ன கொழுந்தா, கேக்காமக் கவுத்துக் கொட்ட?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திரையில் மேடமும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. என்னிடமிருந்து பேனாவைப் பறித்து அதை எழுதிக்கொண்டாள்.

உடனே சிக்னல் போய்விட்டது.

ஜூன் 28, சனி

நேற்றுக் காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்கு முன் கூடி நிற்கும்போது, அக்கா போய்ச் சொன்னாள். முதலில் மன்னிப்பு. பிறகு, இனி அடியிலிருந்து எடுப்போம், வந்ததும் உட்காருங்கள். ஏன் என்று கேட்டார்கள். மாத்திரை விஷயத்தைச் சொன்னாள். பெரியாயி அத்தைதான், "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன்டி கத்தப் போறேன்?" என்றார்.

இன்று ஒருவரும் ஓடவில்லை. பதுளை டாக்டர் மாத்திரையைக் குறைத்தும் அம்மாவுக்கு நூற்றிருபத்தெட்டு. அம்மாவுக்கு அது அவமானமாக இருக்கிறது. இத்தனை வருடம் நோயாளி என்று சொல்லி வந்தவர்.

புதுச் சிக்கல்: அத்தை விடியற்காலை ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டாராம்.

ஜூலை 4, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. மூன்று மாதம் பழகுநர், பிறகு பார்ப்பார்களாம். அக்கா வாசித்துக் காட்டினாள். அப்பா எழுந்து மெஷினுக்குப் போய்விட்டார். இன்று அவருக்கு ஷிப்ட் இல்லை.

ஜூலை 7, திங்கள்

கடைசித் தேதி. அப்பா விண்ணப்பத்தையும் பேனாவையும் மேசையில் வைத்து, "உங்க அக்காளக் கையெழுத்துப் போடச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். அக்கா அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாட்ட முடியாதுன்னு சொல்லு" என்றாள்.

"உங்க அக்காளுக்குப் பிடிவாதம்னு சொல்லு."

"யாருகிட்ட இருந்து வந்திச்சின்னு கேளு."

நான் இருவருக்கும் சொன்னேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தபால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும் வரை வாசலில் நின்றார்.

ஜூலை 13, ஞாயிறு

அக்கா கொழும்புக்குப் போய்விட்டாள். கட்டில் பெரிதாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

அக்காவோடு போனில் பேச மடுவத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்பா முகம் கழுவப் போய்விடுகிறார். இவ்வளவு சுத்தமான அப்பா இந்தத் தோட்டத்திலேயே இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

அப்பாவுக்குக் கண்ணில் புரை. பதுளையில் ஒரு தனியார் கண் கிளினிக்குக்கு நான் கூட்டிப் போனேன். காலை எட்டுக்குப் போய், ஒன்றரைக்குத்தான் பார்த்தார்கள். பஸ்ஸில் அவர் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். கண்ணுக்கு ஆகும் செலவை எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

பின்னேரம் மடுவத்தடியில் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். அப்பா வந்தார். கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"நாந்தான். ம்... சாப்பிட்டேன். கண்ண விடு, அது கெடக்கு. இதக் கேளு. நாப்பத்திரெண்டு பேரு. ஜன்னல் ரெண்டு இருக்கு, தொறந்திருந்தது ஒண்ணு. மத்ததுல என்ன தெரியுமா? தெரைச்சீலை மூட்டை வச்சிருக்கானுங்க. நம்பர் துண்டு குடுக்கிற பொண்ணு ஒவ்வொரு ஆளுக்கும் எந்திரிச்சு உள்ள போயிட்டு வருது. என் முறை வர்ற வரைக்கும் நான் எண்ணினேன், முப்பத்தோரு தடவ. ஏன் போகுதுன்னு கேட்டேன். பேனா உள்ளதான் இருக்காம்..."

அந்தப் பக்கம் அக்கா ஏதோ சொன்னாள்.

"சரி, சரி, எழுதிக்க. மெதுவாவே சொல்றேன்" என்றார் அப்பா, கொழுந்து மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு. "எட்டு மணியிலேருந்து ஆரம்பிக்கிறேன்."