"உங்கள் முடிவு" என்று எழுதியவளுக்கு

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கு நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. இரண்டு பக்கக் கடிதத்தில் தத்துவத்துக்கு இடம் இருக்கிறது, முழங்காலுக்கு இல்லை.

நான் கேட்டது எளிய கேள்வி. மகளுக்குக் கல்யாணம் முடிந்ததும் வெளியூருக்குப் படிக்கப் போனாய். இப்போது அங்கேயே பள்ளியில் வேலையும் நிரந்தரமாகிவிட்டது. பூட்டுக் கடையைக் கொடுத்துவிட்டு நானும் வரட்டுமா, வேண்டாமா? அதற்கு நீ, "அது உங்கள் முடிவு. முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான்" என்று எழுதியிருக்கிறாய். கட்டிய புருஷனுக்கு எழுதுகிற பதிலா இது?

நீ விட்டுப்போன இருத்தலியல் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், தானாக எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். இவருக்கு என்ன புரியும் என்று நினைக்காதே. சாவி ஒரு பூட்டுக்கென்றே செய்யப்படுகிறது. மனிதன் அப்படி எதற்கென்றும் செய்யப்பட்டவன் அல்ல, தன்னைத் தானே ஆக்கிக்கொள்கிறான். அவ்வளவுதானே? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை நீ உன் பள்ளியில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடத்துவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உன் வாழ்க்கைக்கு நீயே பொறுப்பு என்று பாடம் நடத்திவிட்டு, மணி அடித்ததும் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நில் என்கிறீர்கள். அந்தப் பிள்ளை எதைக் கேட்கும்? "அந்த வயதில் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால்" என்று எழுதிவிட்டு, வாக்கியத்தை ஏன் பாதியில் விட்டாய்? சொல்லியிருந்தால் என்ன?

உன் தம்பியிடம் நியாயம் கேட்டேன். "அத்தான், எந்தச் சட்டை போடுறதுன்னுகூட அக்காவக் கேட்டுத்தானே போடுவீங்க! இப்ப அக்கா வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்க, ஒழுங்கா எழுதுங்க" என்று சிரிக்கிறான். அவனோடு பேச்சை விட்டுவிட்டேன். பாப்பாவும் போனில், "அம்மா வரவேண்டாம்னு சொல்லலையேப்பா" என்கிறாள். வா என்றும் சொல்லவில்லையே!

எதிர்க்கடை சைக்கிள்காரர் கடையை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். தினமும் வந்து நிற்கிறார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றால், "வீடுதான் ஊர்லயே இல்லையே சார்" என்கிறார். அவருக்கும் இளக்காரம்.

ஆகவே தீர்மானமாக எழுதுகிறேன். நீ வா என்று எழுதாமல் நான் வரமாட்டேன். யாரையும் கேட்காமல் நானாக எடுத்த முடிவு இது. மாற்றிக்கொள்வதற்கில்லை.

மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறு. நன்றாக இரு.

என் முடிவு சரிதானா என்று மட்டும் உடனே பதில் எழுது.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா