இரண்டு இருபதில் ஒரு மேடு

இன்று கைப்பையை உதறியபோது உன் காகிதம் விழுந்தது. கலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், சிவப்புப் பேனையால், "ஓடுது. தொடாதேங்கோ." ஒட்டுநாடாவோடு உன் அறைக் கதவின் நீலப் பெயின்ற்றும் கொஞ்சம் உரிந்து வந்திருக்கிறது. மணியைப் பார்த்தேன். இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. நீ இருந்திருந்தால், "நேரம் பாத்துத்தான் விழுந்திருக்கு" என்று சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அறையில் அந்தச் சோதனை ஓடி முடிய அரை மணித்தியாலம் ஆகும். அதுவரை உனக்கு எழுதுகிறேன்.

நாம் செய்த வேலையை ஊரில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. இணையப் பக்கங்களில் இருக்கும் கட்டளைகளை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தர, பிரவுசருக்குள்ளே ஒரு கொம்பைலர் இருக்கிறது. அதை வேகமாக்குவது உன் வேலை. உண்மையிலேயே வேகமாகியதா என்று அளந்து சொல்வது என் வேலை. இதைக் கேட்டுவிட்டு உன் அம்மா, "அப்ப பிள்ளையள், ஏற்கெனவே ஓடுறதைத்தான் இருந்து ஓட விடுறியளோ?" என்றார். ஓம் என்று தலையாட்டினோம்.

நம்முடைய முதல் வெட்கக்கேடு நினைவிருக்கிறதா? ஒரு பெரிய கணக்கைப் பல்லாயிரம் தடவை செய்யவிட்டு நேரம் பிடித்தோம். உன் மாற்றத்தைப் போட்டதும் கண்மூடித் திறக்குமுன் முடிந்துவிட்டது. உலகத்தையே வென்றுவிட்டோம் என்று உன் ஸ்கூட்டியில் யாழ்ப்பாணம் போய் ஐஸ்கிறீம் குடித்தோம். பாதியில் உன் கரண்டி நின்றது. "எடி, அது கணக்கே செய்யேல்லை." உண்மைதான். விடையை நாம் எங்கேயும் கேட்டிருக்கவில்லை. யாரும் கேட்காத விடைக்கு எதற்கு மாரடிப்பது என்று கொம்பைலர் முழு வேலையையும் தூக்கி எறிந்திருந்தது. "கேக்க ஆளில்லாட்டி அது செய்யாது" என்றாய். அன்றிலிருந்து எந்தச் சோதனை என்றாலும், கடைசியில் விடையை எழுதித் தரச் சொல்லி ஒரு வரி சேர்த்தோம்.

அதற்குப் பிறகுதான் கொக்குவிலில் உன் அறைக்குள் அந்தக் கொம்பியூட்டரைத் தனியாக வைத்தாய். சோதனையைத் தவிர அதில் வேறொன்றும் ஓடாது. மதியம் இரண்டு மணிக்குத் தானாகத் தொடங்கும், இரண்டரைக்கு முடிந்து முடிவை எனக்கு அனுப்பும். இடையில் யாராவது மவுசைத் தொட்டால் அந்தச் சுற்று பிந்தும், ஒவ்வொரு சுற்றும் எடுத்த நேரத்தைக் காட்டும் கோட்டில் ஒரு சின்ன மேடு விழும். வீட்டில் எல்லாரையும் விரட்டிக் கதவில் காகிதம் ஒட்டிய நீதான் ஒரு நாள்கூடப் பொறுத்ததில்லை. இருபதாவது நிமிடம் உள்ளே போய், எதுவரை வந்தது என்று மவுசை ஆட்டிப் பார்ப்பாய். அந்த மேட்டுக்கு "உன்ரை விரல்" என்று பெயர் வைத்து எத்தனை நாள் உன்னைத் திட்டினேன்!

கார்த்திகை மழையோடு உனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாய். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ரெண்டு மணிக்கு ஓடினதோ? என்ன வந்தது?" முடிவு என் கண்முன்னேதான் இருந்தது. உன் புது மாற்றம் நன்றாக வந்திருந்தது. "பேசாமல் படு. முதல் காய்ச்சலை மாத்து, பிறகு சொல்லுறன்" என்றேன். பிறகு என்று ஒன்று வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டதற்கு என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

செத்தவீட்டின் மூன்றாம் நாள் மதியம், மூடிய உன் அறைக்குள்ளிருந்து திடீரென்று இரைச்சல் கிளம்பியது. கொம்பியூட்டரின் காற்றாடிதான். உன் பெரியம்மா எழுந்தே விட்டார். "உள்ளுக்கை ஆர் இருக்கினம்?" உன் அம்மா இருந்த இடத்தைவிட்டு அசையாமல் சொன்னார், "அது அவளின்ரை வேலை ஓடுது. கதவைத் திறக்காதேங்கோ." ஒருவரும் திறக்கவில்லை. வீடு திரும்பி முடிவைப் பார்த்தேன். இரண்டு இருபதில் மேடு இருந்தது.

அடுத்த நாளும் இருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகும் இருந்தது. இதற்கிடையில் வெளிநாட்டில் அந்தப் பிரவுசரைச் செய்பவர்களிடமிருந்து கடிதம் வந்தது. இந்த மேட்டோடு அளவுகளை நம்ப முடியாது, சுத்தமான அளவு இரண்டு கிழமைக்குள் வராவிட்டால் உன் கடைசி மாற்றத்தைக் கைவிட்டுவிடுவார்களாம்.

வந்தேன். உன் அறைக் கொம்பியூட்டரில் தானாகத் தொடங்கக்கூடிய எல்லாவற்றையும் தேடி நிறுத்தினேன். மவுசைக் கழற்றி மேசையில் வைத்தேன். இரண்டு மணிக்குக் காற்றாடி இரைந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உன் கட்டில் நுனியில் இருந்தேன். இருபதாவது நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கதவும் ஆடவில்லை. ஆனால் நாம் இருவரும் வேலை செய்யும்போது நீ என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பாயே, அப்போது என் பிடரி கூசும். அந்தக் கூச்சம் வந்தது. நான் திரும்பவில்லை, பயந்துவிட்டேன். கோட்டில் மேடு வந்திருந்தது. வெளியே வரும்போது வாய் தவறி வெறும் அறைக்குப் "போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டேன்.

வேறு வழியில்லாமல் கொம்பியூட்டரை உடுவிலில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காகிதத்தையும் அப்போதுதான் உரித்தேன். இங்கே கோடு நூல் பிடித்ததுபோல நேராக ஓடியது. பத்து நாளும் அப்படித்தான். உன் மாற்றத்தை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அது எத்தனையோ பேருடைய பிரவுசருக்குள் ஓடுகிறது. செய்தி வந்த அன்று அந்த நேர்கோட்டைப் பார்த்துப் பார்த்து அழுதேன். உன் வேலையைக் காப்பாற்ற உன்னை வெளியே நிறுத்திவிட்டேன் என்றுதான் தோன்றியது.

ஒரு கிழமைக்குப் பிறகு உன் அம்மா பேசினார். "பிள்ளை, ரெண்டு மணிக்கு அந்தச் சத்தம் இல்லாமல் வீடு ஒரு மாதிரிக் கிடக்கு. கொண்டுவந்து வையன்." வைத்தேன். தன் கையாலேயே புதுக் காகிதம் எழுதி ஒட்டினார். அன்றைய முடிவைத் திறந்துவிட்டு, உடனே அவரை அழைத்தேன்.

"அன்ரி, அறைக்குள்ளை ஆரும் போனவையோ?"

"இல்லைப் பிள்ளை. பூட்டித் திறப்பும் என்னட்டைத்தான் கிடக்கு." திறப்பை எடுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஏன், வந்தவளோ?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நான் காரணம் தேடவில்லை. கொக்குவில் கரண்டில் ஏதோ குறை என்று எழுதி முடித்துவிடலாம். அந்தச் சோதனையால் இப்போது யாருக்கும் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் அதை நிறுத்த எனக்கு உரிமை இல்லை. கேட்க ஒரு ஆள் இருக்கிறதே.

இதோ, இன்றைய முடிவு வந்துவிட்டது. இரண்டு இருபதில் மேடு இருக்கிறது. வழக்கம்போலக் கடைசி வரியை வாய்விட்டு வாசித்தேன். கணக்கு முழுவதையும் செய்திருக்கிறது, விடை சரி, வேகமும் குறையவில்லை. நல்லாய் வந்திருக்கடி.

நாளைக்கும் கேள்.