அக்கா, விடு

அன்புள்ள தாவ்,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். சுபன்புரியில் வீட்டில்தான் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் தினமும் மீன் வறுத்துப் போடுகிறார். நானும் குண்டாகிக்கொண்டிருக்கிறேன்.

பாங்காக் டென்னிஸ் இரட்டையர் இறுதியாட்டத்தில் நாம் கோப்பை வாங்கியபோது அரங்கமே கைதட்டியது. நான் உன் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்க முடியாமல் உதறின. தலைக்கு மேல் வந்த ஒவ்வொரு பந்துக்கும், "அக்கா, விடு, நான் பாத்துக்குறேன்" என்று நீயே பாய்ந்தாய். என் தோள் இனி மேலே எழாது என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. அதை நீ யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.

மறுநாள் பயிற்சியாளர் உன்னைப் புதுப்பெண் நம்வானோடு ஜோடி சேரச் சொன்னாராம். "அக்கா இல்லன்னா நானும் இல்ல. வேற ஆளப் பாத்துக்குங்க" என்றாயாம். அவரே வந்து சொன்னார்.

"அவ பிடிவாதக்காரி. நீதான் பேசணும்."

"பேசினா அழுவா சார், அப்புறம் நானும் அழுவேன். நான் கிளம்புறேன்."

மட்டைகளை நம்வானிடம் கொடுத்துவிட்டு அன்றே பஸ் ஏறிவிட்டேன். அதற்குத்தான் கோபம் என்று தெரியும். கோபப்படு. ஆனால் இரண்டு பேர் ஆட்டத்தை நீ ஒருத்தியே ஆடினால், அடுத்த வருஷம் உன் முழங்காலும் போய்விடும்.

நம்வான் நல்ல பெண். சர்வீஸ் போடும்போதுதான் கை நடுங்குகிறது. முதல் வருஷம் உனக்கும் நடுங்கியது. அப்போது நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து நின்றேன், அவ்வளவுதான். நாளைக்கு நீ போய் அவள் பக்கத்தில் நில்.

என்றும் உன்,
அக்கா